வெளிச்சத்தைக் கேட்கும் பெட்டி

எங்கள் வீட்டில் நான்கு விதமான விளக்குகள் இருக்கின்றன. ஹாலில் எல்.இ.டி. பல்பு, சமையலறையில் பழைய காப்பர் சோக் போட்ட ட்யூப்லைட், பூஜை மாடத்தில் ஜீரோ வாட்ஸ் குண்டு பல்பு, மாடிப்படியில் ஒரு சி.எஃப்.எல். இந்த நான்கில் எது எரிகிறது என்று பெரியப்பா சரியாகச் சொல்லிவிடுவார். க்ளாக்கோமா என்ற கண் அழுத்த நோயில் அவருக்குப் பார்வை போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. உள்ளங்கை அளவு தகரப் பெட்டி ஒன்றைக் கையில் பிடித்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பெட்டியை மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்புவார். "இது சோக் லைட்டு. கொர்ர்னு கத்துது பாரு" என்பார். அந்தப் பெட்டியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு உதவும்படி எண்களோடு எழுதுகிறேன்.

நான் யு.பி.எஸ்., இன்வெர்ட்டர் சர்வீஸ் செய்கிறவள். சால்டரிங் அயர்ன் தினமும் கையில் இருக்கும். பெரியப்பா சினிமா ஆப்பரேட்டர். திண்டிவனம் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் ஆரம்பித்து, செங்கல்பட்டில் ஒரு தியேட்டரில் பிலிம் பெட்டி வருவது நிற்கும்வரை ப்ரொஜெக்டர் ஓட்டியவர். இப்போது குரோம்பேட்டையில் எங்களோடு இருக்கிறார்.

முதலில் அவருக்காகச் செய்தது வேறு ஒரு கருவி. 555 ஐ.சி.யும் (விடாமல் துடிப்பு போட்டுச் சத்தம் எழுப்பும் சில்லு) ஒரு எல்.டி.ஆரும் வைத்துச் செய்வது. எலெக்ட்ரானிக்ஸ் படித்த எல்லோருக்கும் தெரிந்த சர்க்யூட். எல்.டி.ஆர். என்பது காட்மியம் சல்ஃபைடு பூசிய சின்ன வில்லை. வெளிச்சம் பட்டால் அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும். இருட்டில் ஒரு மெகா ஓம் காட்டுவது, மங்கலான அறையில் சுமார் 10 கிலோ ஓமுக்கு வரும், ஜன்னலருகே 1 கிலோ ஓமுக்கு இறங்கும். அதை 555-இன் டைமிங் ரெசிஸ்டராகப் போட்டு, கூடவே ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கபாசிட்டரும் போட்டால், கும்மிருட்டில் விநாடிக்கு ஏழு முறை டிக் டிக் என்று தட்டும். மங்கலான அறையில் 480 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 480 துடிப்பில், கூவும். ஜன்னல் பக்கம் கொண்டுபோனால் 1200 ஹெர்ட்ஸில் கீச்சிடும். விளக்கு எரிகிறதா இல்லையா, ஜன்னல் எந்தப் பக்கம் என்று காதாலேயே தெரிந்துகொள்ளலாம். நல்ல விஷயம்தானே என்று ஆசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பெரியப்பா கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஏம்மா, சுவிட்சைத் தொட்டாலே தெரியுதே. கீழ இருந்தா எரியுது, மேல இருந்தா எரியல. இதுக்கு எதுக்கு ஒரு பொட்டி?"

அவர் சொன்னது முழுக்க நியாயம். நூறு வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்திலும் இதே பேச்சு நடந்திருக்கிறது. ஃபோர்னியர் டால்ப் என்ற இயற்பியலாளர் 1912-இல் ஆப்டோஃபோன் என்று ஒரு கருவி செய்தார். வெளிச்சம் பட்டால் ரெசிஸ்டன்ஸ் குறையும் செலினியம் என்ற தனிமத்தில் வெளிச்சம் படும், காதில் சத்தம் கேட்கும், பார்வையற்றவர்கள் ஜன்னல் எங்கே என்று கண்டுபிடிக்கலாம். ஜன்னலைக் கண்டுபிடித்து நாங்கள் என்ன செய்ய, படிக்க வழியுண்டா என்பதுதான் அதற்கு எழுந்த எதிர்ப்பு. அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். அச்செழுத்தின் மேல் வரிசையாக ஒளிப்புள்ளிகளை ஓட்டி, ஒவ்வொரு எழுத்தின் வடிவத்துக்கும் ஒரு சின்ன மெட்டு கேட்கும்படி கருவியை மாற்றினார். மேரி ஜேம்சன் என்ற பார்வையற்ற பெண்மணி 1918-இல் லண்டனில் அதை வைத்து எல்லோர் முன்னாலும் அச்சுப் புத்தகம் படித்துக் காட்டினார். அப்போது நிமிடத்துக்கு ஒரு வார்த்தைதான் வந்தது. பயிற்சியில் பிற்பாடு நிமிடத்துக்கு 60 வார்த்தை வரை போனார். காதால் அவர் படித்த வேகத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

என்னுடைய 555 கருவிக்கு வேலை இல்லாமல் போகவில்லை. மாடிப்படி விளக்குக்கு டூ-வே சுவிட்ச். மேலே ஒன்று, கீழே ஒன்று. எதைத் தொட்டுப் பார்த்தாலும் எரிகிறதா என்று தெரியாது. அங்கே ஆணியடித்து மாட்டிவிட்டோம். அந்த ஒரு விளக்குக்கு அவர் அதைத்தான் அழுத்திப் பார்க்கிறார்.

ஆனால் பெரியப்பா சொன்னது மனதில் தங்கிவிட்டது. அந்தக் கருவியில் வரும் சத்தம் 555 போடுகிற சத்தம். வெளிச்சம் அதைக் கூட்டிக் குறைக்கிறது, அவ்வளவுதான். வெளிச்சத்துக்கென்று சொந்தமாக ஒரு சத்தம் இருந்தால் அது அதில் கேட்காது. எல்.டி.ஆருக்கு அந்த வேகமும் கிடையாது. வெளிச்சம் மாறினால் அது சுதாரிக்க 20, 30 மில்லிசெகண்ட் ஆகும். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றில் இரண்டு முறை உச்சத்துக்குப் போய்வரும், அதனால் விளக்குகள் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. பத்து மில்லிசெகண்டுக்கு ஒன்று. எல்.டி.ஆர். அதைக் கிட்டத்தட்ட மழுங்கடித்துவிடும்.

இதை ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியப்பா சட்டென்று, "அப்ப எக்ஸைட்டர் லேம்ப் மாதிரி பண்ணு" என்றார்.

பிலிமில் படம் பார்த்து வளர்ந்தவர்களில்கூடப் பலருக்கு இது தெரியாது. ப்ரொஜெக்டரில் இரண்டு விளக்குகள் உண்டு. ஒன்று படத்தைத் திரையில் காட்டும் பெரிய ஆர்க் விளக்கு. இன்னொன்று, கீழே சவுண்ட் ஹெட்டில் இருக்கும் சின்ன பல்பு. அதுதான் எக்ஸைட்டர் லேம்ப். 35 எம்.எம். பிலிமில் படத்துக்கும் ஓரத் துளைகளுக்கும் நடுவே இரண்டரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கோடு ஓடும். உற்றுப் பார்த்தால் ரம்பப் பல் மாதிரி வெள்ளையும் கறுப்புமாக நெளியும். அதுதான் குரல், பாட்டு, சண்டைக்காட்சி எல்லாம். எக்ஸைட்டர் விளக்கின் வெளிச்சம் மயிரிழை போன்ற ஒரு பிளவு வழியாக அந்தக் கோட்டைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் இருக்கும் போட்டோசெல்லில் விழும். கோடு நெளிய நெளிய வெளிச்சம் கூடிக் குறையும். போட்டோசெல் அதைக் கரண்டாக்கும். ஆம்ப்ளிஃபையர் அதைச் சத்தமாக்கும். தியேட்டரில் கேட்ட ஒவ்வொரு வசனமும் ஒரு கணம் வெறும் வெளிச்சமாக இருந்துதான் நம்மிடம் வந்தது.

பெரியப்பாவுக்கு இதெல்லாம் கைப்பழக்கம். முதல் ஷோ தொடங்கும் முன் எக்ஸைட்டர் விளக்கைப் போட்டுவிட்டு, ஒரு டிக்கெட் அட்டையை அதன் குறுக்கே சரக்கென்று இழுப்பாராம். ஹாலில் 'டப்' என்று கேட்டால் சவுண்ட் லைன் சரியாக இருக்கிறது. அந்த விளக்குக்கு மட்டும் டி.சி. கொடுப்பார்கள், ஏ.சி. கொடுத்தால் அதன் துடிப்பே ஹாலில் 'ம்ம்ம்' என்று கேட்டுக்கொண்டிருக்கும். பிலிம் கொஞ்சம் ஓரமாக விலகி ஓடினால், துளைகள் வெளிச்சத்தில் குறுக்கிட்டு ஒரு உறுமல் வரும். ஒரு ஃப்ரேமுக்கு நான்கு துளை, விநாடிக்கு 24 ஃப்ரேம். நாலு இருபத்திநாலு 96 ஹெர்ட்ஸ். கணக்கை நான் போட்டேன். உறுமலை அவர் வாயாலேயே போட்டுக் காட்டினார்; ட்யூனர் ஆப்பில் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய அதே சுருதி.

கடைசிக் காலத்து ப்ரொஜெக்டர்களில் போட்டோசெல்லாக இருந்தது சிலிக்கன் சோலார் செல். வழி திறந்துவிட்டது.

பெட்டிக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைத்துவிடும். சோலார் பேனல் மட்டும் ஒரு செத்துப்போன தோட்ட விளக்கின் மண்டையிலிருந்து எடுத்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, இரண்டு வோல்ட். இந்த வேலைக்குச் சின்ன பேனல்தான் நல்லது. பேனல் பெரிதாக ஆக அதற்குள்ளேயே கபாசிட்டன்ஸ் கூடும், கீச்சுச் சத்தங்கள் அமுங்கிப்போகும்.

பேனலின் பின்பக்கம் இரண்டு தகரப் பட்டைகள் இருக்கும், வெங்காயத் தோல் கனம்கூட இருக்காது. பழைய ஈயத்தைத் துடைத்துவிட்டு, துளி பேஸ்ட் வைத்து, அயர்ன் நுனியை ஒட்டி எடுக்கும் நேரத்துக்குள் வயரை உட்காரவைக்க வேண்டும். நின்று சுட்டால் பட்டை செல்லைவிட்டு உரிந்து வந்துவிடும். வயரை ஒட்டியதும் ஒரு சொட்டு பசை விட்டுவிட்டால் இழுபடாது.

சர்க்யூட் சின்னது. பேனலின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு ரெசிஸ்டர். அங்கிருந்து 1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் வழியாக 10 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோலுக்கு. அதன் நடுக்காலிலிருந்து எல்.எம்.386 என்ற ஆம்ப்ளிஃபையர் ஐ.சி.யின் மூன்றாம் காலுக்கு. இரண்டும் நான்கும் கிரவுண்ட். ஆறாம் கால் 9 வோல்ட் பேட்டரி பிளஸ். ஐந்தாம் காலில் 220 மைக்ரோஃபாரட் போட்டு ஸ்பீக்கர் அல்லது ஹெட்போன். அதே காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 ஓமும் 0.047 மைக்ரோஃபாரடும் வரிசையாக. ஒன்றுக்கும் எட்டுக்கும் நடுவே எதுவும் போடாவிட்டால் ஐ.சி. 20 மடங்கு பெருக்கும். 10 மைக்ரோஃபாரட் போட்டால் 200 மடங்கு. அந்த 10 மைக்ரோஃபாரடுக்கு ஒரு சுவிட்ச் வைத்தேன். ட்யூப்லைட்டுக்கு 20 தாராளம். அகல் விளக்குக்கு 200 வேண்டும்.

பேனலுக்குக் குறுக்கே போடும் ரெசிஸ்டரைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் இந்தப் பெட்டியின் உயிர். சோலார் பேனலை ஒன்றும் இணைக்காமல் திறந்துவிட்டால், கொஞ்சம் வெளிச்சத்திலேயே வோல்டேஜ் ஏறக்குறைய உச்சத்துக்குப் போய் நின்றுகொள்ளும். அதன் பிறகு வெளிச்சம் எவ்வளவு கூடினாலும் குறைந்தாலும் வோல்டேஜ் பெரிதாக அசையாது. அசையாவிட்டால் சத்தம் இல்லை. குறுக்கே ரெசிஸ்டர் இருந்தால் வெளிச்சத்துக்கு நேர்விகிதமாக அசையும். வீட்டுக்குள் 1 கிலோ ஓம். வெயிலில் பேனல் 60 மில்லியாம்பியர்கூடத் தரும், அங்கே 22 ஓம். இரண்டுக்கும் நடுவே ஒரு டாகிள் சுவிட்ச். வெயில் சுவிட்ச், நிழல் சுவிட்ச் என்று பெரியப்பா பெயர் வைத்திருக்கிறார். தடவித் தெரிந்துகொள்வதற்காக ஒன்றில் ரப்பர் வளையம் போட்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு விஷயம். பெட்டி தகரமாக இருக்கட்டும், அதை பேட்டரி மைனஸோடு இணைத்துவிடுங்கள். நம் வீட்டுச் சுவர்களுக்குள் ஓடும் வயர்கள் எல்லாம் காற்றிலேயே ஹம் கொடுக்கும். அது வெளிச்சத்தின் சத்தம்தான் என்று நம்பிவிடுவோம். பேனலை உள்ளங்கையால் இறுக்கி மூடிப் பாருங்கள். சத்தம் முழுக்க நின்றால் கேட்டது வெளிச்சம். நிற்காவிட்டால் வயர். அப்புறம், பெட்டியின் மேல் பவர் எல்.இ.டி. எதுவும் வைக்க வேண்டாம். சத்தம் கூடும்போது பேட்டரி லேசாகத் தொய்யும், எல்.இ.டி. மங்கும், அதைப் பேனல் பார்த்துவிட்டால் ஒன்றை ஒன்று தூண்டி ஊளையிடத் தொடங்கிவிடும். பார்வை இல்லாதவர் கைக்குப் போகிற பெட்டியில் அந்த விளக்குக்கு வேலையும் இல்லை.

சரி, என்ன கேட்கிறது?

குண்டு பல்பு மிருதுவான ஒற்றை ரீங்காரம். டங்ஸ்டன் இழை சூடாகவே இருப்பதால் விநாடிக்கு 100 முறையும் சட்டென்று குளிர முடியாது. வெளிச்சம் வழுவழுப்பாக ஏறி இறங்குகிறது. காப்பர் சோக் ட்யூப்லைட்டும் அதே 100 ஹெர்ட்ஸ்தான், ஆனால் கரகரவென்று மேல் சுருதிகளோடு வரும். சி.எஃப்.எல். உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் சர்க்யூட் பல்லாயிரம் ஹெர்ட்ஸில் ஓடுகிறது, அது காதுக்கு எட்டாது. மிச்சம் ஒட்டியிருக்கும் 100 ஹெர்ட்ஸ் மட்டும் சன்னமாகக் கேட்கும். எல்.இ.டி.யில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். உள்ளே ஒழுங்கான டிரைவர் இருக்கும் பல்பு கிட்டத்தட்ட மௌனம். வெறும் கபாசிட்டர் வைத்து ஒப்பேற்றிய மலிவு பல்பு காதைப் பிளக்கும். எங்கள் வீட்டுக்குப் புதிய பல்பு வாங்கும்போது பெட்டியைக் கடைக்கே எடுத்துப்போய்க் கேட்டுத்தான் வாங்குகிறேன். அந்தத் துடிப்பு சிலருக்குக் கண் வலி, தலைவலி கொடுக்கும். அம்மாவுக்குத் தையல் மெஷின் மேல் மௌனமான பல்பைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

100 ஹெர்ட்ஸ் என்பது பாடுகிறவர்கள் கணக்கில் ஏறக்குறைய ஐந்து கட்டை, பெண்கள் பாடும் சுருதிக்கு ஒரு ஸ்தாயி கீழே. சித்தி ஐந்து கட்டையில் பாடுகிறவர். சமையலறை ட்யூப்லைட்டை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அதற்கே சுருதி சேர்த்து ஒரு விருத்தம் பாடினார், அப்படியே பொருந்தியது. ஊர் முழுக்க மின்விளக்குகள் எல்லாம் ஒரே சுருதியில் நின்றுகொண்டிருக்கின்றன என்பதை அன்றுதான் நான் முழுசாக உணர்ந்தேன். மின்தொகுப்பில் 50 ஹெர்ட்ஸ் இம்மி ஏறி இறங்கும்போது எல்லா விளக்குகளும் சேர்ந்தே ஏறி இறங்கும்.

வெயில் பேசாது. நேரே சூரியனுக்குக் காட்டினால் ஒன்றுமே கேட்காது, ஏனென்றால் அதில் துடிப்பு இல்லை. ஆனால் வெயிலை எதாவது ஒன்று அறுத்தால் உடனே சத்தம். பேனலுக்கு முன்னால் சீப்பை இழுத்தால் 'ட்ர்ர்ரிக்'. சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தைச் சுற்றிவிட்டு அதன் நிழலில் பெட்டியை வைத்தால், 36 கம்பிகள் வெயிலை நறுக்கும். விநாடிக்கு இரண்டு சுற்று சுற்றினால் 72 ஹெர்ட்ஸ், வண்டு மாதிரி. சக்கரம் ஓயும்போது அந்தச் சத்தம் படிப்படியாக இறங்கிக் கடைசியில் தனித்தனித் தட்டலாக உதிரும். தெருப் பிள்ளைகள் இதற்காகவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள்.

டி.வி. ரிமோட்டைக் காட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த இன்ஃப்ராரெட் 38 கிலோஹெர்ட்ஸில் போகிறது, காதுக்கு எட்டாது. ஆனால் அது விட்டு விட்டு வருகிற ஒழுங்கு நன்றாகக் கேட்கும். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு 'ட்ரட்'. ரிமோட்டில் பேட்டரி தீர்ந்ததா, பட்டன் கெட்டதா என்று பார்க்க எனக்கு இப்போது இதுதான் மீட்டர்.

ஆடி மாதம் எங்கள் தெரு முனை அம்மன் கோயிலில் சீரியல் செட் கட்டினார்கள். தெரு நெடுக ஓடும் விளக்குகள், நடுவே உயரமாக விளக்குகளாலேயே வரைந்த அம்மன். பெரியப்பாவைக் கூட்டிப்போனேன். மலிவான சீரியல் விளக்குகளில் மின்சாரத்தின் பாதி அலை மட்டும்தான் போகும். அதனால் 100 இல்லாமல் 50 ஹெர்ட்ஸ், இன்னும் அடித்தொண்டையில். விளக்குகள் ஓடுவதும் நிற்பதும் அதன் மேல் தாளமாக விழுகிறது. ஒரு கம்பத்தில் இரண்டு தட்டு, அடுத்ததில் மூன்று தட்டு. பெட்டியைத் திருப்பத் திருப்பத் தாளம் மாறும். மேளச் சத்தத்துக்கு நடுவே ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். "அம்மன் எந்தப் பக்கம் இருக்கா?" என்று கேட்டார். நான் சொல்வதற்குள் பெட்டியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். அங்கேதான் விளக்குகள் அதிகம், சத்தம் கனமாக இருந்தது. கும்பிட்டுக்கொண்டார். பார்வை போன பிறகு கோயில் விழாவுக்கு வர மறுத்துக்கொண்டிருந்தவர்.

எனக்கு மிகவும் பிடித்தது மின்னல். இரவில் மூடிய ஜன்னலுக்கு உள்ளே பேனலை வானம் பார்க்க வைத்துவிட்டு, தெருவிளக்கு படாமல் ஒரு அட்டையால் மறைத்தேன். மின்னும்போது உடனே 'பட்-பட்-பட்'. ஒரு மின்னல் என்று கண் பார்ப்பது பெரும்பாலும் ஒரே தடத்தில் அடுத்தடுத்துப் பாயும் மூன்று நான்கு வெட்டுகள். நடுவே ஏறக்குறைய 40, 50 மில்லிசெகண்ட் இடைவெளிதான். கண்ணுக்கு அது ஒரு நடுக்கமாகத் தெரிகிறது. காது ஒவ்வொன்றாக எண்ணிவிடுகிறது. அப்புறம் இடி நிதானமாக வந்து சேரும், கிலோமீட்டருக்கு மூன்று விநாடி. முதலில் வெளிச்சத்தின் சத்தம், பிறகு காற்றின் சத்தம், இரண்டும் ஒரே மின்னலுடையவை.

இந்த வழியில் முதலில் போனவர்களைச் சொல்லாமல் விடக்கூடாது. 1873-இல் வில்லோபி ஸ்மித் கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்கச் செலினியம் தண்டுகளை ரெசிஸ்டராக வைத்திருந்தார். வெளிச்சம் பட்டால் அளவு மாறுகிறதே என்று கவனித்தார். அதை வைத்து 1880-இல் கிரகாம் பெல்லும் சார்ல்ஸ் சம்னர் டெய்ன்டரும் வாஷிங்டனில் ஒரு மொட்டை மாடியிலிருந்து 213 மீட்டர் தள்ளியிருந்த ஜன்னலுக்கு வெயிலிலேயே பேச்சை அனுப்பினார்கள். பேசும் குரலில் ஒரு மெல்லிய கண்ணாடி அதிரும், அதில் பட்டுத் திரும்பும் வெயிலும் அதிரும், மறுமுனையில் செலினியம், பேட்டரி, டெலிபோன் காது. ஆம்ப்ளிஃபையர் என்ற ஒன்றே அப்போது கிடையாது. என்னிடம் 200 மடங்கு பெருக்கும் ஐ.சி. இருக்கிறது, அவர்களிடம் வெயிலும் காதும் மட்டும். டெலிபோனைவிட இதையே பெல் தன் பெரிய கண்டுபிடிப்பாகக் கருதினார். அப்போது பிறந்த மகளுக்கு ஃபோட்டோஃபோன் என்றே பெயர் வைக்கலாம் என்று ஆசைப்பட்டார், மனைவி சம்மதிக்கவில்லை.

பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பிலிம் துண்டு இருந்தது. அறுந்த ரீலை ஒட்டும்போது வெட்டி எடுத்தது. எந்தப் படம் என்று அவருக்கே நினைவில்லை. ஆறடி இருக்கும். 35 எம்.எம். பிலிம் விநாடிக்கு ஒன்றரை அடி ஓடும், ஆக நான்கு விநாடிச் சத்தம் அதில் இருக்க வேண்டும். "இதை உன் பொட்டியில படிக்க முடியுமா?" என்றார்.

பேனல் இதற்குப் பெரிது. பி.பி.டபிள்யூ.34 என்ற சின்ன போட்டோ-டயோடு (வெளிச்சத்தைக் கரண்டாக்கும் சில்லு) ஒன்றை மாற்றிப் போட்டேன். இரண்டு ஷேவிங் பிளேடுகளின் கூர்முனைகளை எதிரெதிரே வைத்து, நடுவே இரண்டு காகிதங்களின் கனத்துக்கு இடைவெளி விட்டு ஒட்டிப் பிளவு செய்தேன். 0.2 மில்லிமீட்டர் வரும். வெளிச்சத்துக்குப் பழைய குண்டு பல்பு டார்ச்; எல்.இ.டி. டார்ச்சுகள் பல தாமே துடிக்கும், அது கூடவே வந்துவிடும். பிளவு இவ்வளவு அகலமாக இருந்தால் 2000 ஹெர்ட்ஸ் பக்கம் வரும் சத்தங்கள் எல்லாம் அழிந்துவிடும். ப்ரொஜெக்டரில் இது ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்குதான் இருக்கும். சகர, ஷகரங்கள் கேட்காது, குரலின் ஏற்ற இறக்கம் கேட்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.

பிலிமை நான் இழுக்கவில்லை. அவர் விரலில் அந்த வேகம் இருக்கிறது. இடது கை விரல்களால் ஓரத் துளைகளை நிமிண்டிக்கொண்டே பிலிமைப் பிளவின் மேல் படியவைத்தார், வலது கையால் ஒரே சீராக இழுத்தார். முதலில் உறுமல், 96 பக்கம். "துளை குறுக்க வருது" என்று சொல்லி, பிலிமை அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளினார். மறுபடி இழுத்தார். போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு ஆண் குரல் வந்தது, நடுவில் ஒரு சிரிப்பு, கடைசியில் கதவு சாத்துவது போல ஒன்று. வார்த்தை பிடிபடவில்லை. இருவரும் திரும்பத் திரும்பக் கேட்டோம். அவர் நடிகர் பெயர் ஒன்றைச் சொன்னார், அப்புறம் இல்லை என்றார், அப்புறம் வேறு ஒருவரைச் சொன்னார்.

கையால் இழுப்பதில் குரல் லேசாக அழுகிறது. ப்ரொஜெக்டரில் சவுண்ட் டிரம்மோடு கனமான ஒரு ஃப்ளைவீல் சேர்ந்தே சுற்றும். பிலிம் நடுங்கினாலும் அது நடுங்கவிடாது. "ஃப்ளைவீல் போட்டாத்தான் ஆள் யாருன்னு தெரியும்" என்கிறார். பழைய கேசட் டெக்குகளில் டேப்பை இழுக்கும் காப்ஸ்டன் தண்டோடு ஒரு பித்தளைச் சக்கரம் வரும், இந்த வேலைக்குப் போதும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அப்படி டெக் ஒன்று கிடைக்குமா என்று பார்க்க இந்த வாரம் இருவரும் போகிறோம்.